யானை பழிவாங்க வருவதில்லை

கிளிநொச்சியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, இயற்கை மனிதருக்கு எதிராகக் கிளம்புகிற ஆங்கிலப் படங்கள் கனக்கப் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. இவற்றில் எதில் உண்மை இருக்கிறது? வன்னியை வைத்து அப்படி ஒரு குறும்படம் எடுக்க ஆசை. காட்டை அழித்த ஊரை ஒரு யானை வந்து பழிவாங்குவதுதான் கதை. சரிவருமா?"

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். படம் எடுங்கள். யானையைப் பழிவாங்க மட்டும் வைக்காதீர்கள். ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் முள்ளியவளையில் வளர்ந்தவன். கரண்ட் இல்லாத 90களில் ஜெனரேட்டர் போட்டு டெக்கில் படம் ஓட்டுகிற வீட்டு முற்றத்தில், பாய் விரித்திருந்து பார்த்துப் பழகியவன். 'ஜாஸ்' என்ற சுறாப் படத்தையும் அங்கேதான் பார்த்தேன். அடுத்த நாள் முல்லைத்தீவுக் கடலுக்குப் போன பெடியள் ஒருவரும் முழங்காலுக்கு மேல் இறங்கவில்லை. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த மாமா ஒருவர் காரணத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது தன்ரை இடத்திலைதான் நிக்குது. நீங்கள்தான் அங்கை போறியள்." அதற்குப் பிறகு இந்த வகைப் படம் எதைப் பார்த்தாலும் அவர் சொன்னது ஞாபகம் வரும். யார் யாருடைய இடத்துக்குப் போனார்கள், போக வைத்தது யார் என்று தேடத் தொடங்கிவிடுவேன்.

இயற்கை கோபித்துப் பழிவாங்கும் கதை மேல்நாட்டில் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. பாண்டியன் கடலின்மேல் வேல் எறிகிறான். அந்தப் பகையைப் பொறுக்காத கடல் பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கொண்டுபோய்விடுகிறது. இரண்டு மூன்று அடிகளில் வந்து போகும் செய்தி அது. அதில் நான் கவனிப்பது வரிசையை. கடல் பொங்கியது பிறகு, வேல் பறந்தது முதலில். அதே காப்பியத்தின் கண்ணகி மதுரையை எரித்த கோபத்தோடு இங்கே வந்து, நந்திக்கடல் களப்பின் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவியாகத் தோன்றினாள் என்பது வற்றாப்பளை அம்மன் கோயில் கதை. விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றார்கள், கடல்நீரை விட்டு ஏற்றச் சொன்னாள். இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்குக் கடலில் நீர் எடுத்து உப்புநீரில் விளக்கெரிக்கிறார்கள். ஆக எங்கள் கதைகளில் கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு, அதைத் தணிக்க ஒரு வழியும் உண்டு. ஹொலிவூட் படங்களில் நான் தேடியும் கிடைக்காதது இந்தத் தணித்தல். அங்கே பெரும்பாலும் கடைசியில் ஒன்றைச் சுட வேண்டும், அல்லது வெடிக்க வைக்க வேண்டும்.

வேல் எறிந்த கையை ஒளிக்காமல் காட்டிய படம் என்றால் 1954இல் ஜப்பானில் வந்த முதல் 'காட்சில்லா'. குண்டுச் சோதனை எழுப்பிவிட்ட ஒரு ராட்சதக் கடல்மிருகத்தின் கதை. பிறகு வந்த, மிருகங்கள் மல்லுக்கட்டும் படங்களை வைத்து அதை அளக்கக் கூடாது. அந்த வருடம் மார்ச் மாதம் அமெரிக்கா பிகினித் தீவில் ஐதரசன் குண்டு வெடித்துப் பார்த்தது. தூரத்தில் தொழில் செய்துகொண்டிருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மேல் கதிர்வீச்சுச் சாம்பல் கொட்டியது. அதில் 23 பேர் இருந்தார்கள். நவம்பரில் படம் வந்தது. அதன் தொடக்கக் காட்சியும் கடலில் ஒரு படகு திடீர் வெளிச்சத்தில் அழிவதுதான். ஹிரோஷிமாவுக்கு 9 வருடங்கள்தான் கடந்திருந்தன. ஆஸ்பத்திரித் தரையில் காயப்பட்டவர்கள் வரிசையாகக் கிடக்கும் காட்சியை எங்கள் ஊர் ஆட்களோடு இருந்து பார்த்திருக்கிறேன். ரப்பர் உடுப்புப் போட்ட மிருகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு அது தெரிந்த தரை.

ஹிட்ச்காக் 1963இல் எடுத்த 'தி பேர்ட்ஸ்' இதற்கு நேர்மாறு. பறவைகள் ஏன் தாக்குகின்றன என்று கடைசிவரை சொல்லாது. இங்கிலாந்தின் கோர்ன்வால் கரையில் நடக்கும் ஒரு சிறுகதையைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்து எடுத்தார். வழக்கமான பின்னணி இசையே கிடையாது. மின்கருவி ஒன்றில் உண்டாக்கிய சிறகடிப்பும் கீச்சொலியும், இடையிடையே வெறும் அமைதியும்தான். உங்கள் கையில் காசு இல்லாவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய படம் இது. பயத்தைக் காதால் கொண்டுவரலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. இதன் பின்னால் ஒரு உண்மைச் சம்பவமும் உண்டு. 1961 ஆகஸ்ட்டில் கலிபோர்னியாவின் கப்பிட்டோலா என்ற கரையூரில் கடற்பறவைகள் இரவில் கூட்டமாக வந்து வீடுகளில் மோதி விழுந்தன. செய்தி ஹிட்ச்காக்குக்கும் எட்டியது. பல பத்தாண்டுகள் கழித்து, அந்த வருடம் எடுத்து வைத்திருந்த கடல் மிதவையுயிர் மாதிரிகளை ஆராய்ந்தபோது அவற்றில் ஒரு வகைப் பாசியின் நஞ்சு இருந்தது. அதைத் தின்ற மீனைத் தின்ற பறவைகளுக்கு மூளை கலங்கியிருக்கிறது. மனிதர் கண்ணுக்குத் தாக்குதலாகத் தெரிந்தது அந்தப் பறவைகளின் நோய். இதை அறிந்த பிறகு அந்தப் படத்தில் செத்துக் கிடக்கும் பறவைகளை நான் வேறு கண்ணால்தான் பார்க்கிறேன்.

'ஜாஸ்' 1975இல் வந்தது. எல்லோரும் சுறாவைப் பற்றித்தான் பேசுவார்கள். நீங்கள் அந்த ஊர் மேயரைப் பாருங்கள். கடலில் ஒரு பெண் செத்துப்போய்விட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஜூலை 4 விடுமுறைக்கு வரும் கூட்டத்தை நம்பித்தான் ஊர் பிழைக்கிறது என்பதும் தெரியும். கடற்கரையை மூட விடமாட்டேன் என்கிறார். அதற்குப் பிறகு நடக்கும் சாவுகளுக்குச் சுறாவை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? செய்து வைத்திருந்த இயந்திரச் சுறா உப்புநீரில் அடிக்கடி பழுதாகிவிட்டது. அதனால் ஸ்பீல்பேர்க் சுறாவைக் காட்டாமல் மிதக்கும் பீப்பாய்களையும் இசையையும் வைத்து ஓட்டினார், படம் அதனால்தான் நிலைத்தது. ஒரு வருத்தமான விஷயத்தையும் சொல்ல வேண்டும். மூலநாவலை எழுதிய பீற்றர் பென்ச்லி, படத்தைப் பார்த்தவர்கள் சுறாக்களைக் கொன்று குவிக்கத் தொடங்கியதைக் கண்டு வேதனைப்பட்டு, பிந்திய காலத்தைச் சுறாக்களைக் காப்பாற்றப் பேசுவதிலேயே கழித்தார். உங்கள் யானைக் கதையைப் பற்றி நான் பயப்படுவதும் இதற்காகத்தான்.

செடிகொடிகள் நஞ்சு கக்கிப் பழிவாங்கும் படம், ஓசோன் கெட்டு மிருகங்களுக்கு விசர் பிடிக்கும் படம், தேனீப் படம், தவளைப் படம் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு முறை பார்க்கலாம், கற்றுக்கொள்ளப் பெரிதாக இல்லை.

2004இல் வந்த 'தி டே ஆஃப்டர் டுமாரோ' பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். வட அத்திலாந்திக் கடல் நீரோட்டம் நின்று, சில நாட்களில் நியூயோர்க் உறைந்துவிடும். நீரோட்டம் பலவீனப்படலாம் என்பது உண்மையான கவலைதான், விஞ்ஞானிகள் அதைத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். ஆனால் அது நாட்கணக்கில் நடக்கிற காரியமில்லை. மேல் வளிமண்டலத்துக் குளிர்காற்று அப்படியே கீழே இறங்கி ஹெலிகொப்டரை உறைய வைப்பதும் நடக்காது. காற்று கீழே இறங்கும்போது அமுங்கிச் சூடாகும். இவ்வளவு பிழைகளுக்கு நடுவில் ஒரு காட்சி எனக்கு மறக்காது. குளிருக்குத் தப்பி அமெரிக்கர்கள் மூட்டை முடிச்சோடு ஆற்றைக் கடந்து மெக்சிக்கோவுக்குள் நுழைவார்கள். இடம்பெயர்ந்து போகிறவனின் முகம் எந்த நாட்டிலும் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்ட இடம் அது.

சரி, கடலுக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள், பௌர்ணமி. எங்களில் அனேகம் பேருக்கு அன்றுவரை சுனாமி என்ற சொல்லே தெரியாது. "கடல் வருது" என்றுதான் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். முள்ளியவளை உள்ளே இருப்பதால் நாங்கள் தப்பினோம். முல்லைத்தீவு நகரமோ ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் நந்திக்கடல், நடுவில் ஒடுங்கிய மணல்தரை. ஓடினாலும் முன்னால் தண்ணீர்தான். வந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: தண்ணீர் கறுப்பாக இருந்தது, அலை மாதிரி வரவில்லை, கடல் எழும்பி நடந்து வந்தது.

இதைப் படங்கள் எப்படிக் காட்டின? பெரும்பாலும் மலைபோல் சுருண்டு விழும் ஒரு நீலச் சுவராக. 2012இல் வந்த 'தி இம்பாசிபிள்' அந்தத் தப்பைச் செய்யவில்லை. தாய்லாந்துக் கரையில் அகப்பட்ட ஒரு ஸ்பானியக் குடும்பத்தின் கதை. தண்ணீருக்கடியில் மரக்கொப்பும் தகரமும் உடம்பைக் கிழிப்பதைக் காட்டிய விதம் உண்மை. எனக்குள்ள குறை என்னவென்றால், அந்த மண்ணின் சனங்கள் அதில் உதவி செய்ய மட்டும் வந்து போகிறார்கள். வெளிநாட்டுக் குடும்பம் கடைசியில் விமானம் ஏறிப் போய்விடும். கரையில் வீடு இருந்தவர்களுக்கு எந்த விமானம் வந்தது?

பாதுகாப்புக்காகவும் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். அலை வருமுன் கடல் வெகுதூரம் உள்வாங்கும் என்று படங்கள் எங்களுக்குப் படிப்பித்துவிட்டன. தாய்லாந்துப் பக்கம் அது உண்மை. சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் உடைந்தபோது கிழக்குப் பக்கம் தாழ்ந்தது, மேற்குப் பக்கம் உயர்ந்தது. அதனால் தாய்லாந்தை நோக்கிப் பள்ளம் முதலில் போனது, எங்களை நோக்கி மேடு முதலில் வந்தது. எங்கள் கிழக்குக் கரையில் முதலில் வந்தது தண்ணீரின் எழுச்சிதான். கடல் வற்றட்டும், பிறகு ஓடுவோம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. நிலநடுக்கம் நடந்து அலை எங்களை அடைய ஏறக்குறைய 2 மணித்தியாலம் எடுத்தது. அந்த 2 மணித்தியாலத்தில் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல ஒரு ஏற்பாடே அன்று இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. யாராவது ஒரு நாள் படமாக எடுக்க வேண்டியது அந்த 2 மணித்தியாலத்தைத்தான்: பூசைக்குப் புறப்படும் சனம், தேத்தண்ணீர்க் கடை, கரைக்கு வரும் வள்ளங்கள்.

'தசாவதாரம்' படத்திலும் அதே சுனாமி வருகிறது. ஒரு கொடிய கிருமியை உப்புநீர் அழித்துவிடும், பேரழிவு உலகத்தைக் காப்பாற்றிவிடும். கதையாக அதன் கெட்டித்தனம் விளங்குகிறது. ஆனால் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்தக் கட்டத்தில் எழும்பி வெளியே போய் நின்றதை நான் கண்டிருக்கிறேன். அவர் அன்று இழந்தவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இப்போது உங்கள் யானை. போர்க்காலத்தில் சனம் ஊரைவிட்டுப் போனது. வயல்கள் பற்றையாகின, குளக்கட்டில் மரம் முளைத்தது, தூர்ந்த குளத்தடியில் புல் வளர்ந்தது. யானைக்கு அடர்ந்த பெருங்காட்டைவிட இப்படியான இளம்பற்றையும் குளத்தடியும்தான் நல்ல மேய்ச்சல். அது வந்து தங்கியது. 2010 அளவில் சனம் மீள்குடியேறியது. திரும்பி வந்தவனுக்கு அது அப்பன் வெட்டிய வயல். யானைக்கு அது குட்டியோடு நின்ற இடம். இரண்டு பேரும் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் போய்க் கேளுங்கள். கதிர் முற்றும் காலத்தில் இரவில் யாரும் நித்திரை கொள்வதில்லை. அறுவடை முடிந்தாலும் வீட்டுக்குள் அடுக்கிய நெல் மூட்டையை மணந்து வந்து சுவரைத் தள்ளும். அனேகமாகத் தனித்த ஆண் யானைகள்தான் இப்படி வரும். 2023இல் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்தச் சிக்கலில் செத்தார்கள். வெடி, சட்டவிரோத மின்கம்பி, துவக்கு, ரயில். இத்தனைக்கும் நடுவில் நீங்கள் "யானை பழிவாங்குகிறது" என்று ஒரு படத்தை ஊர்ப் பாடசாலையில் போட்டால், அடுத்த நாள் யார் கையில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வன்னியில் யானை இல்லாமல் ஒரு வாழ்க்கையை நான் கேட்கவில்லை. பயிரை இழந்த விவசாயியின் வயிற்றெரிச்சல் பொய்யுமில்லை. இரண்டையும் ஒரே படத்துக்குள் வைத்திருக்க முடிந்தால் எடுங்கள்.

எங்கள் ஊர்ப் பெயர்களிலேயே பேரிடர் கிடக்கிறது, கவனித்திருப்பீர்கள். தண்ணிமுறிப்பு, முறிப்பு. எப்போதோ கட்டு முறிந்து வெள்ளம் பாய்ந்த இடம் என்றுதான் எங்கள் பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். குளத்தோடு வாழ்கிறவனுக்குத் தண்ணீர் எதிரியாகத் தெரியாது. குளம் நிறைந்து வான் பாய்ந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போவோம், அந்த வருடம் பெரும்போகம் நல்லது என்று சந்தோஷப்படுவோம். 2018 டிசம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் இரணைமடுக் குளம் நிறைந்து வான்கதவுகள் திறபட்டபோது, கீழே இருந்த ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. கதவை எத்தனை மணிக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற பேச்சு பல மாதங்கள் ஓடியது. 'ஜாஸ்' மேயருக்கு முன்னால் இருந்த அதே கேள்வி இது. கடற்கரையா, வான்கதவா என்பதுதான் வித்தியாசம்.

2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் வந்தது. கிளிநொச்சியின் மேற்கில் இருந்து இடம்பெயர்ந்த சனம் அப்போது தர்மபுரம், விசுவமடுப் பக்கம் தறப்பாள் கொட்டில்களில் இருந்தது. பாட்டன் காலத்தில் ஒருவனும் வீடு கட்டாத தாழ்ந்த நிலத்தில்தான் பலருக்கு இடம் கிடைத்திருந்தது. பங்கர் வெட்டிய குழிகளில் தண்ணீர் நிறைந்தது. மேலே ஷெல், கீழே வெள்ளம். அந்த மழையில் ஒரு தாய் பிள்ளையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு விடியும்வரை நின்றதை என் கண்ணால் பார்த்தேன். மழை என்ன செய்தது? கார்த்திகை மழை, ஒவ்வொரு வருடமும் வருவது, அந்த முறை மிகக் கூடுதலாக வந்தது. அந்தத் தாயை அந்தப் பள்ளத்தில் கொண்டுபோய் நிறுத்தியது மழையில்லை. இயற்கைப் பேரிடர் என்று எழுதும்போதெல்லாம் எனக்குக் கை தயங்குவது அதனால்தான்.

கேரள வெள்ளத்தை வைத்து 2023இல் வந்த '2018' என்ற மலையாளப் படத்தை இந்த இடத்தில் பாருங்கள். கடற்றொழிலாளர்கள் தங்கள் வள்ளங்களை லொறியில் ஏற்றி உள்ளூருக்குக் கொண்டுவந்து சனத்தைக் காப்பாற்றியது உண்மையில் நடந்தது. படமும் அவர்களை நடுவில் வைக்கிறது. எங்கள் மொழியில் எங்களுக்கு அப்படி ஒன்று இன்னும் வரவில்லை.

உங்களுக்கு நான் ஒரு கதை தருகிறேன். 2022 டிசம்பர் 8, 9. மண்டோஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்றது, தமிழ்நாட்டில்தான் கரை கடந்தது. எங்களுக்கு வந்தது மழையும் விடாத குளிர்காற்றும். வன்னியில் மாட்டைக் கொட்டிலில் கட்டும் வழக்கம் குறைவு, பட்டியாகத் திறந்த வெளியில்தான் நிற்கும். மழையில் ஊறிய உடம்பில் இரவு முழுக்கக் காற்று அடித்தது. விடிந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் விறைத்துச் செத்துக் கிடந்தன. முதலில் ஏதோ தொற்றுநோய் என்று பயந்தார்கள், ஆய்வு செய்தவர்கள் குளிர்தான் காரணம் என்றார்கள். நியூயோர்க் உறைவதைப் பார்த்து வேடிக்கையாகப் பேசிய எங்களுக்கு, வெயில் காயும் வன்னியில் மாடு குளிரில் சாகும் என்று யாராவது முதல் நாள் சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா? போரில் பட்டி முழுவதையும் கைவிட்டு வந்து, மீள்குடியேறிய பிறகு ஒரு நாம்பனும் இரண்டு பசுவுமாகத் திரும்பச் சேர்த்த ஆட்கள் அவர்கள். அன்று காலை மறுபடி எண்ணத் தொடங்க வேண்டியிருந்தது.

இதில் எதிரி என்று ஒருவரும் இல்லை. வெடி, வெள்ளம், கிராபிக்ஸ் எதுவும் தேவையில்லை. ஒரு பட்டிக்காரர், அவருடைய பேரன், ஒரு டோர்ச் லைட், ஒரு இரவு போதும். தறப்பாளைக் கொண்டு எந்த மாட்டை மூடுவது என்று அவர் தெரிந்தெடுக்க வேண்டிய ஒரு நிமிடம் வரும், உங்கள் படம் அங்கேதான் நிற்கும். சத்தத்தைக் கவனமாகப் பிடியுங்கள். நடுச்சாமத்தில் பட்டியில் எல்லாக் கழுத்து மணிகளும் கேட்கும், மாடு நடுங்கும்போது மணி விடாமல் கிலுகிலுக்கும். பிறகு ஒவ்வொன்றாகக் குறையும். அந்த வருடம் பட்டி வைத்திருந்தவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும், ஒருவர் நந்திக்கடல் பக்கம் இன்னும் மாடு வைத்திருக்கிறார். மார்கழி தொடங்கமுன் வாருங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன். கமராவை முதல் நாள் கொண்டுவர வேண்டாம்.